ஐந்தாம் வார்த்தை

இந்தக் கோயில்ல இத்தன ஃபேன் சுத்துது, என் தலைக்கு மேல உள்ளது மட்டும் நின்னுக்கிட்டு இருக்கு. பெரிய வெள்ளிக்கிழமை துக்கமெல்லாம் அதுக்குத்தான் போல. வெள்ளச் சேலை இப்பமே முதுகோட ஒட்டிட்டு. முதல் வார்த்தை இப்பந்தான் முடியுது, இன்னும் ஆறு கெடக்கு. ஆண்டவர் சிலுவையில தொங்கிக்கிட்டுச் சொன்னது ஏழே வார்த்தை, அத ஏழு பேரு ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு மத்தியானம் பன்னிரண்டுலருந்து மூணு மணி வரைக்கும் பேசுவாவ, நடுவுல பாட்டு, ஜெபம், பொறவு திரும்பப் பேச்சு. முடிஞ்சு கஞ்சி ஊத்துற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. சுகர் உள்ளவங்க குடிக்கலாம்னு டாக்டர் சொல்லித்தான் இருக்காரு, ஆனா போதகர் பொண்டாட்டி, ஐயரம்மா, முன்வரிசையில உக்காந்து பாட்டிலத் தொறந்து மடக்கு மடக்குன்னு குடிச்சா சபை சும்மா விடுமா, கஞ்சிக்குத் தொட்டுக்கிட என்னையத்தான் வச்சிக்கிடுவாளுவ. மேல பீடத்துக்குப் பக்கத்துல ஏழு நாற்காலி. தனியா ஒரு பெரிய நாற்காலியில பேராயர். அஞ்சாவது நாற்காலியில என் வீட்டுக்காரர், சைமன் வேதமுத்து ஐயர், ரெண்டு கையையும் முட்டு மேல வச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு. ஜெபிக்காவளா, இல்ல என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாக்காவளா. முப்பது வருசத்துக்கு மேல கூடக் குடும்பம் நடத்தியாச்சு, இந்த ஒரு மூஞ்சிய மட்டும் எனக்குப் படிக்கத் தெரியல. அஞ்சாவது வார்த்தை, தாகத்த பத்தினது. நோட்டீஸ்ல அதப் பாத்த அன்னைக்கே மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிட்டேன். இருக்கிறதுலயே சின்ன வார்த்தை அது. பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும், ஜனம் பசி மயக்கத்துல கெறங்கிக் கெடக்கும், அந்த நேரத்துல இந்த ஆளு என்ன பேசினாலும் எவன் காதுல ஏறப் போகுதுன்னு கமிட்டில கணக்குப் போட்டு இவிய தலையில கட்டியிருக்கானுவ. அந்த வார்த்தைய இவிய கையில கொடுக்கலாமா கூடாதான்னு ஒருத்தனுக்காவது யோசனை வந்துச்சா? ஹாஸ்டல்ல அந்தத் தபித்தாப் பிள்ள எப்படிச் செத்துச்சுன்னு ஒருத்தனுக்காவது ஞாபகம் இருந்திருந்தா கள்ளனுக்குச் சொன்ன வார்த்தைய கொடுத்திருப்பான், முடிவு வார்த்தைய கொடுத்திருப்பான், இத மட்டும் கொடுத்திருக்க மாட்டான். மறைக்கணும்னுகூட நெனக்கல. சுத்தமா மறந்தே போயிட்டானுவ.

எழும்பிப் பாடணுமாம். எழும்புதேன். பக்கத்துல மெர்லின் நல்லாத்தான் பாடுதா, தாளாளர் ஆல்வின் பொன்னையா பொண்டாட்டி, மூணு பள்ளிக்கூடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் அவ வீட்டுக்காரர்தான் எல்லாம், அவ பாட்டுக்கு என்ன கொறச்சல். ரெண்டு வருசமா என் பக்கத்துல உக்காராதவ இன்னைக்கு ஒட்டி உக்காந்திருக்கா. ஏன்னு எனக்கா தெரியாது. காலைல இவிய ஷேவ் பண்ணிட்டு அடுக்களை வாசல்ல வந்து நின்னாவ. நான் கஞ்சிக்குத் தேங்கா துருவிக் கொடுக்கணும்னு பெண்கள் சங்கத்துல சொல்லிவிட்டிருந்தாளுவ, துருவிக்கிட்டு இருந்தேன். "ஏங்க, இன்னைக்கு ஒண்ணும் பேச மாட்டீங்கல்லா?"ன்னு கேட்டேன். "பேசறதுக்குத்தானட்டி கூப்பிட்டிருக்காவ"ன்னு சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல. துருவலக் கீழ வச்சிட்டு, "பெர்சிய நெனச்சிக்கிடுங்க, அந்தச் சின்னதையும் நெனச்சிக்கிடுங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்"ன்னேன். காதோரத்துச் சோப்பத் தொடச்சிக்கிட்டாவ. "சரி ரூபி, ஒண்ணும் பேசல"ன்னாவ. சொன்ன குரல் இருக்கே, பல்லு புடுங்க உக்காந்தவன் குரல் மாதிரி. எம்மக பெர்சி ஆறு வருசமா தாளாளர் பள்ளிக்கூடத்துல டெம்பரரி டீச்சர். மருமகன் மஸ்கட் போனான், போனவன் போனவன்தான். கைப்பிள்ளையோட வந்து நின்னா. பேராயர் போன மாசம் இவியள பங்களாவுக்குக் கூப்பிட்டு காப்பி கொடுத்து, "பெரிய வெள்ளிக்கிழமை உங்களுக்கும் ஒரு வார்த்தை தரச் சொல்லியிருக்கேன் ஐயர், சபை பாக்கட்டும், நம்ம எல்லாரும் ஒண்ணுதான்னு. ஈஸ்டர் முடியட்டும், மக பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுருதேன்"ன்னு சொன்னாவளாம். அத வீட்டுல வந்து சொல்லும்போது இவிய காப்பி எப்படி இருந்துச்சுன்னு சொன்னாவ, கையெழுத்த கடைசியாத்தான் சொன்னாவ. பெர்சி அன்னைக்கு எழும்பி வந்து, "அப்பா, ஒரே ஒரு தடவ எங்களுக்காக வாய மூடிக்கிட்டு இருந்திருங்கப்பா, பொறவு நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க"ன்னா. அழக்கூட இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.

ரெண்டாவது வார்த்தை. எவரோ ஒரு டாக்டர் பேசுதாரு, வெளியூர்க்காரர், குரல் நல்லா இருக்கு, ஒண்ணும் மனசுல நிக்கல. கள்ளனுக்குக் கடைசி நேரத்துல பரதீசு கெடச்சுதாம். கள்ளனுக்கெல்லாம் எப்பமும் கெடச்சிரும். சீ, என்ன நெனப்பு இது, பெரிய வெள்ளிக்கிழமையும் அதுவுமா. தொண்டை ஒட்டுது. ஒரு நேரம் தண்ணி இல்லாம இருக்கதுக்கே நாக்கு மேல் அண்ணத்துல போயி ஒட்டுது, இதுல அந்தப் பிள்ள. நெனக்காத ரூபி. நெனக்காதன்னா நெனப்பு நிக்குமா. பன்னிரண்டு வயசு. தபித்தான்னு, செத்தபொறவு பேதுரு எழுப்பி உக்கார வச்ச அந்தப் பொம்பள பேரத்தான் அவ அம்மா சொர்ணம் தேடிப் பிடிச்சு வச்சிருந்தா. பீடி சுத்துறவ, மலையடிப்பட்டி சபை. மக படிச்சு நர்ஸ் ஆகணும்னு நம்ம ஹாஸ்டல்ல கொண்டு விட்டா. அப்பம் கன்வென்ஷன் கூட்டம் நடக்குற நேரம், பேராயர் பேசுறாவ, பந்தல் நெறஞ்சு கெடக்கணும், ஹாஸ்டல்ல ஒரு ஆளு மிஞ்சக்கூடாது, வார்டன் ஆயா சமையக்காரி எல்லாரும் வேன்ல ஏறணும்னு தாளாளர் உத்தரவு. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சலும் வயித்துப்போக்கும். சிக் ரூம்ல படுக்க வச்சு, எழும்பி எங்கயும் போயிரக்கூடாதுன்னு வெளிய பூட்டி, சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாவ. பெரிய பிள்ள ஒருத்தி வேன்ல ஏறாம குளிமுறியில ஒளிஞ்சிருந்திருக்கா, அவதான் தண்ணி தண்ணின்னு சத்தம் கேட்டு ஓடி வந்து, கம்பி வழியா டம்ளர் நுழையல, வலை அடிச்ச ஜன்னல் அது, கொசுவுக்காக அடிச்ச வலை. தாவணிய நனச்சு வலை மேல வச்சு பிழிஞ்சிருக்கா. உள்ள இருந்தவ எழும்பி ஜன்னலுக்கு வரணும்லா. வர முடியல. பொழுது சாயும்போது வேன் திரும்பி வந்துச்சு, எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டே வந்து இறங்கினாவ. இவிய அப்பம் ஹாஸ்டலுக்கும் சேத்து ஐயர். தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது இவியதான். தூக்கும்போதே தெரிஞ்சிட்டு, ஆனாலும் ஓடினேன்னாவ. அன்னைக்கு வந்து வீட்டு நடையில உக்காந்து சட்டையக் கழத்தாம, "உதடு வெடிச்சிருந்துச்சு ரூபி, வெயிலுக்கு வெடிச்ச கொளம் மாதிரி வெடிச்சிருந்துச்சு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாவ. வீட்டுலருந்து வரும்போதே சீக்கோட வந்த பிள்ளைன்னு எழுதி முடிச்சிட்டானுவ. கையெழுத்துப் போடத் தெரியாத சொர்ணத்துக்கிட்ட ரேகை வாங்கிட்டானுவ.

பேராயருக்குக் கீழ உள்ள எல்லாச் சபையும் கூடுற திருமண்டல கவுன்சில்ல இவிய எழும்பி நின்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. அன்னைக்கு அந்த ரூம் சாவி யார் கையில இருந்துச்சு, அத எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு. அவ்வளவுதான். திட்டல, கத்தல. மைக்க அணச்சானுவ, மைக் இல்லாமலே திரும்பக் கேட்டாவ. அப்பம் பேராயர் எழும்பி, "நாம ஜெபிப்போம்"னாவ. எப்படி இருக்கு கத. ஜெபிப்போம்னு சொல்லிட்டா எவன் வாயத் தொறக்க முடியும், எல்லாத் தலையும் குனிஞ்சிட்டு, எல்லாக் கண்ணும் மூடிட்டு, இவிய ஒரு ஆளு மட்டும் கண்ணத் தொறந்துக்கிட்டு நடுவுல நின்னாவளாம். ரொம்ப நீளமான ஜெபமாம். ஆமென் சொல்லி எல்லாரும் நிமுந்தபொறவு டீ கொடுத்துட்டானுவ. அதோட போச்சு எல்லாம். அந்த மாசமே மாத்தல், தண்ணி இல்லாத ஊரு, நாங்க குடியிருக்க ஓடு பிரிஞ்ச குருமனை, பாம்பு வந்து அடுக்களையில படுத்துக்கிடும். பொறவு விசாரணைன்னு ஆறு மாசம் சும்மா உக்கார வச்சானுவ. பொறவு இரக்கப்பட்டு இந்தப் பெரிய கோயிலுக்கே உதவி ஐயராக் கொண்டு வந்து போட்டானுவ, இவியகிட்ட சின்ன வயசுல திடப்படுத்தல் வகுப்பு படிச்ச பையன்தான் இங்க பெரிய ஐயர், ஐயர் பங்களா அவனுக்கு, எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பழைய சாமான் போட்ட ரூமு. ஒரு வீடு பிரதிஷ்டைக்கு எவனும் கூப்பிடல. ஒரு ஞானஸ்நானம் இல்ல. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் எலை காலியாக் கெடக்கும். சங்கத்துல தலைவியா இருந்தவ நான், இப்பம் தேங்கா துருவச் சொல்லுதாளுவ. துருவிட்டும் வாரேன், வெக்கங்கெட்டவ. இவியளுக்கு அதெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கிழமை அங்கியத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, ஸ்டூல்ல உக்காந்து பெர்சி பிள்ளைக்குக் கத சொல்லிக்கிட்டு, நல்லாத் தூங்கி எழும்பிருவாவ. நான்தான் கறிவேப்பிலைக்காரிலருந்து எல்லார் மூஞ்சியையும் பாக்கணும். உண்மை பேசினவரு அவரு, ஊரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டது எனக்கு. ஒரு தடவகூட நான், ஏன் பேசினீங்கன்னு கேட்டதில்ல. அது பொய்யி. கேட்டிருக்கேன். பாம்பு வந்த அன்னைக்குக் கேட்டேன்.

மூணாவது வார்த்தைக்கு யாரு எழும்புதா பாரு. ஆல்வின் பொன்னையா. ஆண்டவர் தன்னப் பெத்தவள சீஷன் கையில ஒப்படச்ச வார்த்தை. ஏட்டி, நான் கனவு காணலியே. இதக் கொண்டு இவன் கையில கொடுத்திருக்கானுவளே. வெள்ளச் சட்டை, வெள்ள வேட்டி, நெத்தியில வேர்வையக்கூட மெதுவா ஒத்தி எடுக்கான். தாயின் கண்ணீர்னு ஆரம்பிக்கான். குரல் தழதழங்குது. ஒரு தாய் தன் பிள்ளைய கண்ணு முன்னால இழக்கது என்ன வேதனைன்னு சொல்லுதான். மெர்லின் கைக்குட்டைய எடுத்துட்டா, எனக்குப் பின்னால மூக்குறிஞ்சுற சத்தம் வரிசையாக் கேக்குது, எனக்கு நெஞ்சுக்குள்ள பத்திக்கிட்டு வருது. ஆண்டவரே, அந்தப் பிரசங்க பீடத்துல ஒரு ஆணிகூடவா கழலாது. எழும்பி வெளிய போயிரலாமா. போனா, ஐயரம்மாவுக்கு மயக்கம்னு சொல்லித் தூக்கிட்டுப் போயி காத்துப் பிடிப்பாளுவ, அதுவும் அவனுக்குத்தான் பேரு, அவ்வளவு உருக்கமாப் பேசினாராம்னு. திரும்பி மேற்குக் கதவப் பாத்தேன். காத்து வருதான்னு பாக்கத்தான் திரும்பினேன், சத்தியமா. அங்கன, கதவோரம், பாயில, கடைசி ஆளா, சொர்ணம். அவளேதான். வெள்ளச் சேலை இல்லாம ஒரு வெளுத்த நீலச் சேலையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அழல. ஆல்வின் பேசுறத, எதோ கடையில சாமான் வாங்க வரிசையில நிக்கவ மாதிரி, நம்ம முறை எப்பம் வரும்னு பாத்துக்கிட்டு இருக்கா. மலையடிப்பட்டிலருந்து ரெண்டு பஸ் மாறணும். அவளுக்கு அங்க கோயில் இருக்கு, அங்கயும் ஆராதனை இருக்கு. இங்க எதுக்கு வந்தா? யாரு கூப்பிட்டா? எனக்கு ஒடனே விளங்கிட்டு. புதங்கெழமை இவிய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டு வாரேன்னு போயி, சாயங்காலம்தான் செருப்பெல்லாம் செம்மண்ணா வந்தாவ. நான் கேக்கல. செம்மண்ண நான்தான் தட்டிக் கழுவி வச்சேன், கேக்கணும்னு தோணல. போயிச் சொல்லிட்டு வந்திருக்காவ. வந்து கேளு சொர்ணம், இன்னைக்குச் சொல்லுதேன்னு.

அப்பம் காலைல என்கிட்ட சொன்னது? சரி ரூபி, ஒண்ணும் பேசலன்னு சொன்னது? எது பொய்யி, அவகிட்ட சொன்னதா, என்கிட்ட சொன்னதா. கோட்டிக்கார மனுசன், ரெண்டு பொம்பளைக்கும் சரின்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்காவ. பாட்டு, திரும்ப எழும்பி நிக்கணும், நின்னேன். வாய் பாடுது. பேசிட்டா என்ன ஆகும்? ஜெபிப்போம்னு எழும்பிருவாரு பேராயரு. ஆர்டரக் கிழிச்சுப் போட்டுருவானுவ. அந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லுவானுவ. எங்க போவ, எங்க அண்ணன் வீட்டுக்கா, அவன் பொண்டாட்டி என்னையப் பாத்தாலே பாத்திரத்த உருட்டுவா. பெர்சி ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் சேலை ரெண்டு எடுத்து வச்சிருக்கா, பெர்மனென்ட் ஆனவங்க கட்டுற கலரு, மடிச்சது மடிச்சபடி பீரோல இருக்கு. நாலாவது வார்த்தை பேசுறது ஒரு வயசான ஐயர், காது கேக்காது, அதனால கத்துதாரு, பிதாவே கைவிட்டுட்டாரேன்னு அவர் கத்துற கத்துல தூங்கினவன்லாம் எழும்பிட்டான். கைவிட்டாரா, விடத்தான் செய்வாரு. இருபது நிமிஷம் கைவிட்டதுக்கு ஏழு தலைப்பு வச்சுப் பேசுதாரு. நான் இவியளப் பாக்கேன். கண்ணத் தொறந்துட்டாவ. தோள்பட்டை அங்கிக்குள்ள எலும்பாத் தெரியுது, எப்பம் இப்படி மெலிஞ்சாவ? முன்னால எல்லாம் பீடத்துல ஏறினா ஒரு மைக்கும் வேண்டாம், அந்தத் தொண்டை. நான் அதுக்குத்தான் மயங்கினேன், பதினெட்டு வயசுல, ஐயருக்குப் படிச்சிக்கிட்டு எங்க ஊருக்கு உபதேசியாராப் பயிற்சிக்கு வந்த பையன், சாராயக்கட முதலாளி கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தப்போ, இந்த மணிச் சத்தத்துல எத்தன வீட்டு அழுகை இருக்குன்னு முதலாளி முன்னாலயே கேட்டுட்டு, எங்க அப்பா இனிமே நம்ம வீட்டுல சோறு கெடையாதுன்னு சொல்லிட்டதால பட்டினியா வெளிய நின்ன பையன். அடுக்களைப் பின்பக்கமாப் போயி மோர் கொடுத்தது நான். அந்த மனுசனத்தான் நான் கட்டினேன். இப்பம் என்ன வேணும் எனக்கு? பேசக்கூடாது, பேசக்கூடாது, ஆண்டவரே இன்னைக்கு மட்டும் பேச விடாதயும். அப்படித்தான் ஜெபிக்கேன். ஆனா அடியில, எங்கயோ அடிவயித்துல, சொல்லிருங்க, அந்த ஜன்னல் வலைய சொல்லிருங்க, இந்த ஜனம் கேக்கட்டும், நாசமாப் போகட்டும் எல்லாம்னு ஒண்ணு முண்டுது. அத நான் அமுக்குதேன். அமுக்கி அமுக்கிக் கையெல்லாம் வேர்க்குது.

அஞ்சாவது வார்த்தை. எழும்பிட்டாவ. நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு எழும்பினாவ, நேரா நடந்தாவ, பேராயருக்கு முன்னால தலையச் சாச்சாவ, ஏறிட்டாவ. மைக்க ஒரு தட்டு தட்டினாவ. தண்ணி கேட்ட மனுசனுக்குப் புளிச்ச காடியக் கொடுத்தாவன்னு ஆரம்பிச்சாவ. குரல் கம்மித்தான் இருக்கு, ஆனா அந்தத் தொண்டைதான். கடலையும் ஆத்தையும் உண்டாக்கினவருக்கு ஒரு மடக்கு இல்லன்னாவ. ஜனம் நிமுந்து உக்காருது, எனக்கு முதுகுல தெரியுது. தாகம்னா என்னன்னு நமக்குத் தெரியுமா, இன்னைக்கு மூணு மணி நேரம் இருந்துட்டு கஞ்சி குடிக்கப் போற நமக்குத் தெரியுமான்னு கேட்டாவ. கேட்டுட்டு, ரெண்டு கையையும் பீடத்து விளிம்புல ஊன்றிக்கிட்டு, "ஒரு பிள்ள..."ன்னாவ. நிறுத்திட்டாவ. கோயில் முழுக்க ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. ஆல்வின் காலு மேல போட்டிருந்த காலக் கீழ எறக்கினான். பேராயர் கை, நாற்காலிக் கையில இருந்தது, லேசா மேல எழும்புது, ஜெபத்துக்கு எழும்புற மாதிரி. இவிய அவியளப் பாக்கல. மேற்குக் கதவையும் பாக்கல. என்னையப் பாக்காவ. நேரா என்னைய. கேக்குதாவ. எனக்குத் தெரியும் அந்தப் பார்வை, பிள்ளைக்கு ஊசி போடலாமான்னு டாக்டர் கேக்கும்போதும், அப்பா சவப்பெட்டிய மூடலாமான்னு கேக்கும்போதும் இப்படித்தான் என்னையப் பாத்தாவ. நான் சரின்னு சொன்னாச் சொல்லிருவாவ. இந்த உலகத்துல இவியளுக்கு உத்தரவு கொடுக்க நான் ஒருத்திதான் இருக்கேன், பேராயரு இல்ல, எவனும் இல்ல. நான் தலைய ஆட்டினேன். வேண்டாம்னு. ரொம்ப லேசா, காதுத் தோடுகூட ஆடியிருக்காது. இவிய பாத்தாவ. ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனா நான் திரும்ப மாத்தி ஆட்டியிருக்கலாம், அதுக்கு நேரம் இருந்துச்சு. ஆட்டல. "ஒரு பிள்ள தாயத் தேடுற மாதிரி, நம்ம ஆத்துமா ஆண்டவரத் தேடணும்"னாவ. "அந்தத் தாகம் நமக்கு இருக்கான்னு சோதிச்சுப் பாப்போம்"னாவ. பொறவு என்னென்னவோ, ஆத்தும தாகம், ஊழிய தாகம், கிணத்தடியில நின்ன சமாரியா ஸ்திரீ. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. யாரும் பேசலாம் அத.

ஆமென் சொல்றதுக்கு முன்னாலயே மேற்குக் கதவுப் பக்கம் பாய் சரசரத்துச்சு. நான் திரும்பல. திரும்பிப் பாக்க எனக்கு முடியல, ஆனா செருப்பு மாட்டுற சத்தம் கேட்டுச்சு, படியில ஒரு தடவ, பொறவு சரளைக் கல்லுல. ஓடிப் போயி அவ கையப் பிடிச்சு, அவிய சொல்லத்தான் இருந்தாவ சொர்ணம், நான்தான் விடல, நான்தான்னு சொல்லணும் போல இருந்துச்சு. அவளுக்கு எதுக்கு அது. அவ ரெண்டு பஸ் ஏறி வந்தது என் கதய கேக்கவா. பாட்டுக்கு ஆர்கன் வாசிக்கான். இவிய எறங்கி வந்து நாற்காலில உக்காந்தாவ, பேராயர் சாஞ்சு இவிய முட்டு மேல கைய வச்சு ரெண்டு தட்டு தட்டி எதோ சொன்னாவ, இவிய தலைய ஆட்டிக்கிட்டாவ. கைய முட்டு மேல வைக்கல இப்பம், மடியில போட்டிருக்காவ, வேற யாரோ வச்சிட்டுப் போன கை மாதிரி. என் பக்கம் பாக்கவே இல்ல. இனிமே எதையும் என்கிட்ட கேக்க மாட்டாவ. வீட்டுக்குப் போவோம், கஞ்சி குடிப்போம், பெர்சிக்கு ஆர்டர் வரும், அந்தச் சேலையக் கட்டிக்கிட்டுப் போவா, இவிய அவள வழியனுப்பிட்டு வந்து ஸ்டூல்ல உக்காருவாவ, எனக்கு எல்லாம் தெரியுது, சாகிற வரைக்கும் தெரியுது. நான் கேட்டது கெடச்சிட்டு. எனக்கு ஓன்னு அழணும்னு வருது, ஆனா எல்லாரும் சிலுவைக்குத்தான் அழுதேன்னு நெனப்பாவ. மெர்லின் கைக்குட்டைய மடிச்சு வச்சிட்டு, ஈரக் கையோட என் கைய எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா. "ஐயர் இன்னைக்கு எவ்வளவு ஆசீர்வாதமாப் பேசினாவ அக்கா. பெர்சி விசயம் இனிமே எங்க பொறுப்பு, நீங்க ஒண்ணுக்கும் கலங்காதிய"ன்னு காதுக்குள்ள சொன்னா. சொல்லிட்டு, "ஸ்தோத்திரம்"னா. நானும் ஸ்தோத்திரம்னேன்.